மாற்றியது ஒன்று, கெட்டிருந்தது இன்னொன்று: ஒரு மினிவேனில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைத் தேடிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஏழு பேர் உட்காரக்கூடிய ஒரு மினிவேனைப் பற்றிய பதிவு இது. வி6 பெட்ரோல் என்ஜின், முன்சக்கர இயக்கம், ஓடியிருந்த தூரம் சுமார் 1,90,000 கிலோமீட்டர். கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள், கணவரின் அம்மா என ஆறு பேர் கொண்ட குடும்பம். அன்றாடம் ஓட்டுபவர் மனைவி. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, கூட்டி வருவது, வேலைக்குப் போவது எல்லாமே இந்த ஒரு வண்டியில்தான். அது ஒரு நாள் பட்டறையில் நின்றால் வீட்டில் எல்லாருடைய நாளும் குலைந்துவிடும். பின்னால் எடுத்த முடிவுகளில் இந்த நெருக்கடிக்கும் பங்கு இருந்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் செக் என்ஜின் விளக்கு எரிந்தது. கணவர் கொஞ்சம் கைவேலை தெரிந்தவர். கையடக்க ஸ்கேனர் ஒன்றைப் பொருத்திப் பார்த்திருக்கிறார். வந்த குறியீடு பி0420: கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் (புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் பாகம்) திறன் வரம்புக்குக் கீழே, பேங்க் 1. "கன்வெர்ட்டர்" என்ற சொல் அவர் கண்ணில் பட்டது. "பேங்க் 1" படவில்லை. பட்டிருந்தாலும் அதற்கு என்ன பொருள் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

வண்டியை முறையாக ஸ்டாண்டில் நிறுத்தி அடியில் படுத்துப் பார்த்தார். முன் இருக்கைகளுக்குக் கீழே, புகைக்குழாயின் நடுவில், வெப்பத்தகடு சுற்றிய ஒரு பருத்த உருளை இருந்தது. கன்வெர்ட்டர் திருட்டுச் செய்திகளில் பார்த்த படங்களும் அப்படியேதான் இருந்தன. இதுதான் என்று முடிவு செய்து, படம் எடுத்துக்கொண்டு ஒரு சைலன்சர் பட்டறைக்குப் போனார். அங்கே அதை அறுத்தெடுத்துவிட்டு, பல வண்டிகளுக்கும் பொருந்தும் பொது ரகக் கன்வெர்ட்டர் ஒன்றைப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். குறியீட்டையும் அழித்தார்கள். விளக்கு அணைந்தது.

ஒன்பது நாள் கழித்து விளக்கு மறுபடி எரிந்தது. அதே பி0420. அதன் பிறகுதான் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது.

எத்தனை கன்வெர்ட்டர், எங்கெங்கே

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். தவறு முழுக்க இங்கேதான் நடந்தது. அவர் செய்தது மிக இயல்பான தவறு, அதையும் சொல்ல வேண்டும்.

இந்த வகை வேன்களில் வி6 என்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். மூன்று சிலிண்டர் கொண்ட ஒரு வரிசை ரேடியேட்டரைப் பார்த்திருக்கும். மற்ற மூன்றும் ஃபயர்வால் பக்கம், அதாவது என்ஜினுக்கும் பயணிகள் அறைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரின் பக்கம் இருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் தனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே விடும் குழாய்த் தொகுதி உண்டு. அந்த மேனிஃபோல்டை ஒட்டியே ஒரு கன்வெர்ட்டரும் உண்டு. இரண்டு வரிசையின் குழாய்களும் கீழே 'ஒய்' வடிவில் சேர்ந்து, ஒரே குழாயாகப் பின்னால் போகும். அந்த ஒற்றைக் குழாயில் மூன்றாவதாக ஒரு கன்வெர்ட்டர், அதற்குப் பின்னால் சத்தத்தைத் தணிக்கும் ரெசனேட்டர், கடைசியில் சைலன்சர்.

கன்வெர்ட்டரை என்ஜினோடு ஒட்டவைத்ததற்கு நல்ல காரணம் இருக்கிறது. அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியும், அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் கலந்த பூச்சும் இருக்கின்றன. அந்தப் பூச்சு ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூடு ஏறும்வரை சரியாக வேலை செய்யாது. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிய முதல் சில நிமிடங்களில்தான் அதிக நச்சுப்புகை வெளியே போகிறது. அதனால் சீக்கிரம் சூடேற வேண்டும் என்று கன்வெர்ட்டரை மேனிஃபோல்டின் வாயிலேயே கொண்டுபோய் வைத்தார்கள். காற்றுக்கு அது நல்லது. பழுது பார்ப்பவருக்கு மட்டும் அது கண்ணில் படாத இடம்.

அடியில் படுத்துப் பார்ப்பவருக்குத் தெரிவது மூன்றாவது கன்வெர்ட்டர், ரெசனேட்டர், சைலன்சர் ஆகிய மூன்று உருளைகள் மட்டுமே. முன்வரிசைக் கன்வெர்ட்டர், பானட்டைத் திறந்து ரேடியேட்டர் விசிறிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் தெரியும். பின்வரிசைக் கன்வெர்ட்டரை மேலே வைப்பர் அடியிலுள்ள கௌல் என்ற மூடி மறைக்கும்; கீழே ஸ்டியரிங் ரேக்கும், என்ஜினைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமும் மறைக்கும். இருக்கிறது என்று தெரிந்து தேடினால்தான் கிடைக்கும்.

பேங்க் 1 எது என்பதற்கு விதி ஒன்றே ஒன்று: 1ஆம் சிலிண்டர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் பேங்க் 1. முன்னால் இருப்பது, இடது பக்கம் இருப்பது, எளிதில் எட்டுவது என்று எந்தக் கணக்கும் கிடையாது. இந்த வண்டியில் 1, 3, 5 மூன்றும் ஃபயர்வால் பக்கம். 2, 4, 6 ரேடியேட்டர் பக்கம். குறுக்கு வி6 வேன்கள் பலவற்றில் இப்படித்தான். 1ஆம் சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருக்கும் என்ஜின்களும் இருக்கின்றன. எனவே அந்தந்த என்ஜினின் சிலிண்டர் வரிசைப் படத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது.

குறியீடு எதை வைத்து எழுகிறது என்பதும் முக்கியம். ஒவ்வொரு வரிசையிலும் கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் உள்ளது சென்சார் 1, பின்னால் உள்ளது சென்சார் 2. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கன்வெர்ட்டரைப் பற்றி மட்டுமே வண்டியின் கணினிக்குத் தெரியும். இந்த வேனில் அடிப்பக்கத்து மூன்றாவது கன்வெர்ட்டருக்கு அருகில் சென்சாரே இல்லை. அதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பி0420 அதைக் கண்டுகொள்ளப் போவதில்லை.

வண்டி வந்த அன்று

கணவரும் மனைவியும் சேர்ந்தே வந்திருந்தார்கள். "புதுசு போட்டாச்சுங்க, ஆனா அதே நம்பர் வருது. போட்ட பார்ட் டூப்ளிகேட்டா?" என்று கணவர் கேட்டார். பாகத்தைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்துவிடலாம் என்றேன்.

முதலில் பானட்டின் உட்புறம் ஒட்டியிருந்த புகைக் கட்டுப்பாட்டுச் சீட்டைப் படித்தேன். பலரும் திரும்பிப் பார்க்காத சீட்டு அது. அந்த வண்டியில் என்னென்ன புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உள்ளன என்று சுருக்கெழுத்தில் அச்சிட்டிருக்கும். சீக்கிரம் சூடேறும் மூவழிக் (மூன்று வகை நச்சு வாயுக்களைக் குறைக்கும்) கன்வெர்ட்டர் இரண்டு, மூவழிக் கன்வெர்ட்டர் ஒன்று என்று அதில் தெளிவாக இருந்தது. ஆக மொத்தம் மூன்று. அடியில் மாற்றியது அதில் ஒன்றுதான் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

குறியீட்டை அழிக்காமல் ஸ்கேனரில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அழித்தால் குறியீடு எழுந்த நேரத்து நிலைப் பதிவும் போய்விடும்; கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து மறுபடி தொடங்கும். மோட் 6 என்ற பகுதியில் கன்வெர்ட்டர் சோதனையின் எண்கள் இருக்கும். பேங்க் 1 வரம்பைத் தாண்டியிருந்தது. பேங்க் 2 வரம்புக்கு வெகு தூரம் உள்ளேயே இருந்தது.

குழாயைப் பிடித்துக்கொண்டு போனது

இடத்தைக் கண்ணால் உறுதி செய்ய, வண்டியை லிஃப்டில் ஏற்றி, பின்னாலிருந்து முன்னால் போகாமல் என்ஜினிலிருந்து தொடங்கினேன். பின்னாலிருந்து வந்தால் முதலில் கிடைக்கும் உருளையில் தேடல் நின்றுவிடும். அந்தக் குடும்பத்துக்கு நடந்தது அதுதான். என்ஜின் தலையில் தொடங்கினால் எந்தக் குழாயும் தப்பாது.

முன்வரிசை: மேனிஃபோல்டு, அதன் கீழே வெப்பத்தகடு போட்ட கன்வெர்ட்டர், அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு சென்சார். சிக்கல் இல்லை. பின்வரிசைக்குக் கீழிருந்து கையையும் சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் நுழைக்க வேண்டியிருந்தது. சப்ஃபிரேமுக்கு மேலே வெப்பத்தகட்டின் ஓரமும், அதிலிருந்து தொங்கும் கீழ் சென்சாரின் வயரும் தெரிந்தன. அந்த வயரைப் பிடித்துக்கொண்டு போய் அதன் கனெக்டர் வரை பார்த்தேன். ஸ்கேனரில் பேங்க் 1 சென்சார் 2 என்று வருவது இதுதானா என்று சோதிக்க, அந்தக் கனெக்டரை ஒரு கணம் கழற்றினேன். திரையில் அதன் எண் உடனே மாறியது. அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமில்லை. இந்தச் சோதனை புதுக் குறியீடு ஒன்றை எழுப்பக்கூடும். ஏற்கெனவே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்ததால் அதில் இழப்பு ஏதுமில்லை.

கணவரைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "இது இங்க இருக்கும்னு யாருங்க நினைப்பாங்க" என்றார். நியாயமான கேள்வி. அவர் மட்டும் அல்ல, பாகத்தை விற்றவரும் பற்றவைத்தவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பது என் எண்ணம். வாடிக்கையாளர் ஒரு பொருளைக் காட்டி மாற்றச் சொன்னாலும், அந்தப் பொருள்தானா கெட்டது என்று பார்ப்பது தொழிலில் இருப்பவரின் கடமை.

கன்வெர்ட்டர்தான் கெட்டதா

இடம் தெரிந்துவிட்டது என்பதற்காக உடனே கழற்றிவிட முடியாது. பி0420 வந்தால் கன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். புகைக்குழாயில் சென்சாருக்கு அருகே கசிவு இருந்தாலும், சென்சார் பழுதாகியிருந்தாலும் அதே குறியீடு வரலாம்.

கசிவுக்கு, என்ஜின் குளிர்ந்த பிறகு, வேக்குவம் கிளீனரின் காற்று ஊதும் முனையைச் சைலன்சர் வாயில் பொருத்தி ஊதவிட்டு, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். பற்றவைத்த இடம் ஒன்றில் மட்டும் சிறு குமிழ்கள் வந்தன. அது இரண்டு வரிசைக் குழாய்களும் சேர்ந்த பிறகு, சென்சார்களுக்கு வெகு பின்னால் உள்ள இடம். அதனால் இந்தக் குறியீடு வராது. ஆனாலும் பயணிகள் அறைக்கு நேர் கீழே புகை கசிவதை அப்படியே விட முடியாது. அதையும் சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தேன்.

பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்தி நான்கு சென்சார்களையும் ஒரே திரையில் பார்த்தேன். இந்த வண்டியில் முன்சென்சார்கள் பழைய வகை. 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவில் வேகமாக ஏறி இறங்குவதே அவற்றின் ஆரோக்கியமான நிலை. நல்ல கன்வெர்ட்டர் ஆக்சிஜனைச் சேமித்துச் சேமித்து விடுவிப்பதால், பின்சென்சாரில் அந்த ஏற்ற இறக்கம் தெரியக் கூடாது. பேங்க் 2இன் பின்சென்சார் 0.7 வோல்ட் அருகே அமைதியாகக் கிடந்தது. பேங்க் 1இன் பின்சென்சாரோ முன்சென்சார் ஆடிய ஆட்டத்தையே திருப்பி ஆடியது. சென்சார் செத்திருந்தால் இப்படி ஆடாது. ஒழுங்காக வேலை செய்வதால்தான் கெட்ட செய்தியைச் சொல்கிறது.

முன்சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானி பொருத்திப் பார்த்ததில், 2,500 சுற்றில் பேங்க் 1இல் கிட்டத்தட்ட 3 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு), பேங்க் 2இல் 1 பிஎஸ்ஐக்கும் குறைவு. உள்ளே ஓரளவு அடைப்பு இருக்கிறது. தொடாமல் சூட்டை அளக்கும் கருவியால் கன்வெர்ட்டரின் முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் வழக்கமும் உண்டு. நன்றாக எரியும் என்ஜினில் அந்த வித்தியாசம் மிகச் சிறிதாக இருக்கும். இவ்வளவு நெருக்கமான இடத்தில் கருவியை நேராகக் காட்டவும் முடியாது. அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க எனக்கு மனமில்லை.

ஏன் கெட்டது

மூன்று சிலிண்டர்களின் புகை ஒரு கன்வெர்ட்டருக்கும், மற்ற மூன்றின் புகை இன்னொன்றுக்கும் போகிறது. இரண்டுக்கும் ஒரே வயது, ஒரே பெட்ரோல், ஒரே சாலை. ஒன்று மட்டும் கெட்டிருந்தால், அந்த மூன்று சிலிண்டர்களில் ஏதோ வேறுபாடு இருக்க வேண்டும்.

சேவை விவரங்களைக் கேட்டபோது பதில் மனைவியிடமிருந்து வந்தது. "போன வருஷம் பிளக் மாத்தினோம் அண்ணா. ஆனா முன்னாடி மூணுதான் மாத்தினாங்க. பின்னாடி இருக்கிறதுக்கு நிறைய கழட்டணும், அது இன்னும் நல்லாத்தான் இருக்கும்னு சொன்னாங்க."

இன்னொன்றையும் அவரே நினைவுகூர்ந்தார். சில மாதங்களுக்கு முன் எல்லாரும் சாமான்களோடு மலைப்பாதை ஏறும்போது வண்டி விட்டு விட்டு இழுத்திருக்கிறது. செக் என்ஜின் விளக்கு சிமிட்டியிருக்கிறது. சமதளத்துக்கு வந்ததும் நின்றுவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தச் சிமிட்டலுக்குத் தனிப் பொருள் உண்டு. விளக்கு நிலையாக எரிந்தால், சீக்கிரம் கவனியுங்கள் என்று பொருள். சிமிட்டினால், இப்போதே கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு என்ஜின் மிஸ் அடிக்கிறது (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுகிறது), வேகத்தைக் குறையுங்கள் என்று பொருள். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். சூடு தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். முதலில் பூச்சு செயலிழக்கும், பிறகு பீங்கானே உருகத் தொடங்கும்.

பின்வரிசை பிளக்குகளை எட்ட வைப்பர் கைகள், கௌல், இன்டேக் மேனிஃபோல்டின் மேல்பகுதி எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது. மூன்றும் வண்டியோடு வந்த பிளக்குகள். 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி ஒன்றில் 1.6க்கும் மேலே போயிருந்தது. அது 5ஆம் சிலிண்டருடையது. அதன் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் ரப்பர் உறையிலும் தீப்பொறி வெளியே பாய்ந்த கருங்கோடு இருந்தது. என்ஜின் ஆயிலோ கூலன்ட்டோ எரிந்து கன்வெர்ட்டரைப் பாழாக்கியிருக்குமோ என்றும் பார்த்தேன். இரண்டின் அளவும் குறையவில்லை, பிளக் முனைகளிலும் அந்தப் படிவு இல்லை.

கையெட்டாத அதே மூலைதான் இரண்டு முறையும் வேலை செய்தது. எட்டவில்லை என்று பிளக்கை விட்டார்கள், அது கன்வெர்ட்டரைக் கெடுத்தது. கெட்ட கன்வெர்ட்டரும் அதே மூலையில் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு: கன்வெர்ட்டரை இன்னும் தொடுவதில்லை. மூன்று பின்வரிசை பிளக்குகளும் 5ஆம் சிலிண்டரின் காயிலும் மாறும், பற்றவைத்த கசிவு சரியாகும், பிறகு சில நாள் ஓட்டிப் பார்க்கலாம். மிஸ் அடிக்கும் என்ஜினில் புதுக் கன்வெர்ட்டரைப் போட்டால் அதுவும் அதே வழியில் போய்விடும் என்பது முதல் காரணம். என்ஜின் சரியாக எரியத் தொடங்கியதும் ஓரளவு தளர்ந்த கன்வெர்ட்டர் வரம்புக்குள் திரும்புவதும் நடக்கும். ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்த குடும்பத்துக்கு அந்த வாய்ப்பைக் கொடுத்துப் பார்க்க நினைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் குறியீடு திரும்பி வந்தது. மிஸ் எண்ணிக்கை எல்லாச் சிலிண்டரிலும் பூஜ்யம், ஆனால் பேங்க் 1 பின்சென்சார் முன்பு போலவே ஆடியது. கன்வெர்ட்டர் மீளாது என்பது இப்போது உறுதி.

இரண்டாம் முடிவு: பேங்க் 1 கன்வெர்ட்டரை மட்டும் மாற்றுவது. இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்று கணவர் கேட்டார். பேங்க் 2இன் எண்கள் நன்றாக இருக்கும்போது அதைக் கழற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாகத்தைப் பொறுத்தவரை, பொது ரகத்தைப் பற்றவைக்காமல், இந்த என்ஜினுக்கென்றே அதே ஃபிளாஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) சென்சார் துளைகளும் கொண்டு செய்ததை வாங்கினோம். மேனிஃபோல்டின் வாயில் வரும் பாகத்தில் சென்சாரின் இடம் கொஞ்சம் நகர்ந்தாலும் அளவீடு மாறும்.

கழற்றியதும் மாட்டியதும்

வண்டியை முந்தின மாலையே விடச் சொன்னோம். இரவு முழுக்க ஆறிய என்ஜினில் வேலை செய்யலாம், நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் ஊறவும் நேரம் கிடைக்கும். சூடாக இருக்கும்போது இந்தப் பகுதியில் கைவைப்பது பெரிய தீக்காயத்தில் முடியும்.

மேலிருந்து கௌல் வழியாகவும் கீழிருந்து லிஃப்ட் வழியாகவும் மாறி மாறி வேலை. சென்சார்களுக்கு வயர் நுழைய வெட்டுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட் தேவைப்பட்டது. மேல் சென்சார் நல்லபடியாக வந்தது. கீழ் சென்சார் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்ததால் புதிது போட வேண்டியதாயிற்று. நட்டு மாட்டும் தண்டுகளான ஸ்டட் இரண்டு உடைந்தன. அவற்றை எடுத்து மாற்றுவதிலேயே அரை நாள் போனது.

கழற்றிய கன்வெர்ட்டரின் முகத்தைப் பார்த்ததும் சோதனைகள் சொன்னதெல்லாம் கண்முன் இருந்தது. தேன்கூட்டின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உருகி, கண்ணறைகள் அடைந்து, கண்ணாடி போல் பளபளத்தது. அதைக் கணவரிடம் கொடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். உடைந்த துணுக்குகள் கீழே போயிருக்குமே என்று சிறு கேமராவைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தோம். 'ஒய்' இணைப்பிலும், சமீபத்தில் பற்றவைத்த அடிப்பக்கக் கன்வெர்ட்டரின் முகத்திலும் சில பீங்கான் பொடிகள் கிடந்தன. அவற்றை உறிஞ்சி எடுத்தோம். பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்த அடைப்பு அங்கே தொடங்கியிருக்கும்.

புதுக் கேஸ்கட்டுகள், புது நட்டுகள். சிலிக்கான் பசை எங்கும் தடவவில்லை, அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும். வெப்பத்தகடுகள் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தினோம். அந்த மூலையில் வயர்களும் பிளாஸ்டிக்கும் நெருக்கமாக இருப்பதால், ஒரு தகடுகூட விடுபடக் கூடாது.

பின்விளைவு

குறியீட்டை அழித்த பிறகு கன்வெர்ட்டர் சோதனையைக் கணினி தானாக முடிக்க வேண்டும். அதற்கு என்ஜின் நன்றாகச் சூடேறி, சீரான வேகத்தில் சில நிமிடங்கள் ஓட வேண்டும். பள்ளிக்கும் வீட்டுக்குமான குறுகிய ஓட்டத்தில் அது நடக்காது என்பதால், ஒருநாள் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போய்வரச் சொன்னேன். மூன்றாம் நாள் சோதனை முடிந்தது. மோட் 6இல் பேங்க் 1இன் எண் பேங்க் 2ஐ விட நன்றாக இருந்தது. பின்சென்சார் அசையாமல் நின்றது. அழுத்தம் 1 பிஎஸ்ஐக்குக் கீழே.

ஐந்து மாதம் கழித்து ஆயில் மாற்ற வந்தபோது மறுபடி பார்த்தேன். குறியீடு ஏதும் இல்லை, நிலுவையில் உள்ளதும் இல்லை. மேட்டில் ஏறும்போது முன்பு இருந்த இழுவைக் குறை போய்விட்டது என்று மனைவி சொன்னார்.

அறுத்தெடுத்த பழைய அடிப்பக்கக் கன்வெர்ட்டர் மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. பேங்க் 1 வழியாக வந்த சூட்டில் அதுவும் கொஞ்சம் பாதிக்கப்பட்டிருந்ததா, முழு நலமாக இருந்ததா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதை அறுக்க எந்தச் சோதனையும் காரணம் காட்டவில்லை என்பது மட்டும் நிச்சயம். அது இப்போதும் என்னை உறுத்துகிறது.

இனி மாற்றிச் செய்வது

என் பக்கத்துத் தவறு ஒன்று உண்டு. பிளக்குகளை மாற்றி அனுப்பியபோது, குறியீடு திரும்பி வர வாய்ப்பு அதிகம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. "ஓட்டிப் பாருங்க, பார்ப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் விளக்கு எரிந்ததும் மனைவி தொலைபேசியில் பேசிய குரலில், இவர்களும் ஏமாற்றிவிட்டார்களோ என்ற பயம் தெரிந்தது. ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டவர்களிடம், இது இரண்டு கட்ட வேலை, முதல் கட்டத்தில் விளக்கு திரும்ப எரியலாம், அது தோல்வி அல்ல என்று எழுதியே கொடுத்திருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

சேவை விவரத்தை நான் கேட்டது தாமதம்தான். பேங்க் 1 என்று கண்ட அடுத்த நொடியே, அந்த வரிசையின் பிளக் எப்போது மாறியது என்று கேட்டிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும். பிளக் மாற்றியாச்சு என்று யாராவது சொன்னால், ஆறும் மாறியதா என்று இப்போது தவறாமல் கேட்கிறேன்.

குறியீட்டோடு வரும் எந்த வண்டிக்கும் இப்போது வேலைத்தாளின் பின்புறத்தில் ஒரு படம் வரைகிறோம்: என்ஜின், இரண்டு வரிசை, சிலிண்டர் எண்கள், கன்வெர்ட்டர்கள், சென்சார்கள், குறியீடு சுட்டும் இடத்தில் ஒரு வட்டம். வரைய ஐந்து நிமிடம் ஆகும். வண்டிக்காரர் அதை வாங்கிப் போய் வேறெங்கும் காட்டினாலும் தவறான உருளையை யாரும் அறுக்க மாட்டார்கள்.

இந்தக் குடும்பத்துக்கு வரைந்த படத்தை மனைவி பத்திரமாக வைத்திருக்கிறார். ஆயில் மாற்ற வந்தபோது பானட்டைத் திறந்தால், புகைக் கட்டுப்பாட்டுச் சீட்டுக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கிலோமீட்டர் கணக்கும், அதன் கீழே ஒரு வரியும்: "பின்வரிசை பிளக் மூன்றும் மாற்றியாச்சு."